ஐரோப்பிய வாலிபரும் வேலையில்லாத் திண்டாட்டமும்

கிரேக்க நாட்டு வாலிபருள் நூற்றுக்கு ஏறக்குறைய 58 பேர் வேலையின்றித் தவிக்கின்றனர் என்னும் செய்தி 2013-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிற்று. ஸ்பெயின் தேசத்தில் அத்தொகை நூற்றுக்கு 55-க்கு மேல் என்றும், ஜெர்மனியில் 8 என்றும் அதே ஆண்டிற் கணக்கு வெளிவந்தது. இம்மூன்று தேசங்களும் ஒரே கண்டத்தில் உள்ளவை. ஐரோப்பிய ஒன்றியம் என்னும் ஒரே கூட்டுறவைச் சேர்ந்தவை. யூரோ என்னும் ஒரே நாணயத்தை வழங்குபவை. ஒரு நாட்டு வாலிபன் மற்றொரு நாட்டிற்குச் சென்று வேலை தேடுதற்குச் சட்டத்தில் தடையும் இல்லை. அங்ஙனமிருக்க, 58-க்கும் 8-க்கும் இடையே இத்துணைப் பெரும் பள்ளம் எவ்வாறு தோன்றிற்று?

இவ்வெண்களைக் கண்ணுற்றோர் பலர் இரண்டு முடிவுகளுக்கு விரைந்து வந்தனர். கிரேக்க வாலிபருள் பாதிக்கு மேற்பட்டோர் தெருவில் நிற்கின்றனர் என்பது ஒன்று. தெற்கு நாட்டார் சோம்பர், வடக்கு நாட்டார் உழைப்பாளிகள் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பிழையான முடிவுகளே. முன்னது கணக்கின் இயல்பை அறியாமையாலும், பின்னது காரணத்தை ஆராயாமையாலும் விளைந்தவை. ஆதலின் முதலிற் கணக்கின் இயல்பையும், பின்னர்க் காரணத்தையும் முறையே ஆராய்வோம்.

முதற்கண், வேலையில்லாதார் எனப்படுவோர் யாவர் என்பதை வரையறுத்தல் வேண்டும். ஜெனீவா நகரில் நிலைபெற்றுள்ள சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1919-ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் சார்பில் 1982-ஆம் ஆண்டிற் கூடிய புள்ளிவிவர அறிஞர் மகாநாடு வகுத்த வரையறையே இக்கணக்குகளுக்கு அடிப்படையாயிற்று. இக்கணக்குகளில் ஒருவன் வேலையில்லாதவன் என்று எண்ணப்படுவதற்கு மூன்று இலக்கணங்கள் வேண்டும். அவன் கையில் வேலை இருத்தல் கூடாது. கடந்த நான்கு வாரங்களில் அவன் முயன்று வேலை தேடியிருத்தல் வேண்டும். வேலை கிடைப்பின் இரண்டு வாரங்களுக்குள் ஏற்க ஆயத்தமாயும் இருத்தல் வேண்டும். கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரமேனும் ஊதியத்திற்கு உழைத்தவன் வேலையுடையவன் ஆகின்றான். இவ்விரு வகையிலும் அடங்காதவன், அஃதாவது வேலையும் இல்லாமல், வேலையைத் தேடவும் செய்யாமல் இருப்பவன், உழைப்பாளர் தொகைக்குப் புறம்பானவனாகக் கொள்ளப்படுகின்றான். கல்லூரியில் முழு நேரமும் பயிலும் மாணவருட் பெரும்பாலார் இம்மூன்றாம் வகையினரே. வாலிபர் என்பார் இக்கணக்கில் 15 முதல் 24 வயது வரை உள்ளவர் ஆவர்.

ஒவ்வொரு தேசத்திலும் தேர்ந்தெடுத்த சில குடும்பங்களையே வினவி இக்கணக்கை எடுக்கின்றனர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முதுமொழி அன்றோ? சோற்றைப் பல இடங்களிலிருந்தும் எடுத்துப் பார்த்தல் வேண்டும் என்பது ஒன்றே புள்ளிவிவர நூலார் அதனோடு சேர்த்துக் கூறுவது. எல்லாத் தேசங்களின் விவரங்களையும் லக்ஸம்பர்க் நகரிலுள்ள யூரோஸ்டாட் என்னும் அலுவலகம் ஒருங்கு சேர்த்து வெளியிடுகின்றது.

நிற்க. வேலையின்மை விகிதம் என்பது வேலையில்லாதாரை எதனால் வகுத்துப் பெறும் ஈவு? இவ்வினாவே நம் பொருளுக்கு உயிர்நிலையாகும். நாட்டிலுள்ள வாலிபர் அனைவரின் தொகையால் வகுப்பதாகவே பலரும் எண்ணுகின்றனர். அஃதன்று. வேலை செய்வோரும் வேலை தேடுவோரும் சேர்ந்த உழைப்பாளர் தொகையால் மட்டுமே வகுக்கின்றனர். வேலை செய்யாமலும் வேலை தேடாமலும் பயிலும் மாணவர் அதிற் சேரார்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். 2013-ஆம் ஆண்டில் கிரேக்க நாட்டு வாலிபர் நூறு பேரை ஓரிடத்தில் நிறுத்தியதாகக் கொள்வோம். அவருள் 70 பேருக்கு மேற்பட்டோர் பெரும்பாலும் கல்வி பயில்பவர், வேலையைத் தேடாதவர். எஞ்சியோர் ஏறக்குறைய 28 பேர். அவருள் 16 அல்லது 17 பேர் வேலையில்லாதவர். பதினாறேகாலை இருபத்தெட்டால் வகுத்தால் நூற்றுக்கு 58 வரும். எனவே, நூறு வாலிபருள் 58 பேர் வேலையற்றிருந்தனர் என்பது தவறு. வேலைக்களத்தில் இறங்கியோருள் நூற்றுக்கு 58 பேர் வேலையற்றிருந்தனர் என்பதே சரி. அதே ஆண்டில் டென்மார்க் தேசத்தை நோக்குவோம். அங்கே மாணவர் பலர் படித்துக்கொண்டே கடைகளிலும் உணவு விடுதிகளிலும் சில மணி நேரம் ஊழியம் செய்வது வழக்கம். ஆதலின் நூறு வாலிபருள் 60-க்கு மேற்பட்டோர் உழைப்பாளர் தொகையிற் சேர்கின்றனர். வேலையில்லாதார் 8 பேர், விகிதமோ 13. விகிதத்தை மட்டும் நோக்கினால் கிரேக்க நாட்டின் துன்பம் டென்மார்க்கினும் நான்கு மடங்குக்கு மேல்; வாலிபர் அனைவருள்ளும் எத்தனை பேர் என்று நோக்கினால் அஃது இரண்டு மடங்கு. இவ்விரண்டும் மெய்க்கணக்கே. ஆனால் அவை விடை கூறும் வினாக்கள் வெவ்வேறு.

இதனாற் கிரேக்க வாலிபரின் துயரம் பொய் என்று கருதலாகாது. படிப்பை முடித்து வேலைக்களத்தில் இறங்கியவனுக்கு 58 என்னும் எண்ணே வாழ்வின் உண்மையாகும். அவன் தட்டிய கதவுகளில் எத்தனை திறந்தன என்பதையே அது காட்டுகின்றது. ஆதலின் இரண்டு எண்களையும் ஒருசேரக் காண்பதே அறிவுடைமை.

இனி, ஒரே அளவான விகிதம் இரு தேசங்களில் இரு வேறு நிலைமைகளைக் குறித்தலும் உண்டு. 2023-ஆம் ஆண்டில் சுவீடனில் வாலிபர் வேலையின்மை விகிதம் ஏறக்குறைய 22. இத்தாலியில் ஏறக்குறைய 23. இவற்றைக் கண்டு இரு நாட்டு வாலிபரும் ஒரே படகில் உள்ளனர் என்று ஒருவர் கூறுவாராயின், அது பெரும்பிழையாகும். சுவீடனில் வேலையில்லாதார் எனப்படும் வாலிபருட் கணிசமானோர் முழு நேர மாணவர். மாலைப் பொழுதிலோ விடுமுறையிலோ செய்தற்கு ஒரு சிறு வேலையை நாடுவோர். வேலை கிடையாவிடினும் அவருக்குக் கல்லூரி உண்டு. இத்தாலியிலோ, படிப்பும் இன்றி, பணியும் இன்றி, தொழிற்பயிற்சியும் இன்றி வீட்டிற் கிடப்போர் பலர். இத்தகையோரை யூரோஸ்டாட் தனியே கணக்கிட்டு வருகின்றது. 15 முதல் 29 வயது வரையுள்ளோரில் இவ்வகையினர் 2023-ஆம் ஆண்டில் இத்தாலியில் நூற்றுக்கு ஏறக்குறைய 16 பேர். சுவீடனில் ஏறக்குறைய 6 பேர். 2014-ஆம் ஆண்டிலோ இத்தாலியில் இத்தொகை நூற்றுக்கு 26 ஆக இருந்தது. நால்வரில் ஒருவர் எப்பயிற்சியும் பெறாது, எத்தொழிலும் செய்யாது காலங்கழித்தனர் என்பது இதன் பொருள். அவருட் பலர் தேடித் தேடி அலுத்து, தேடுவதையே கைவிட்டவர். தேடாதவன் வேலையில்லாதவன் ஆகான் என்பது மேற்கூறிய வரையறை அன்றோ? எனவே, நம்பிக்கை இழந்தோர் பெருகப் பெருக, வேலையின்மை விகிதம் குறைந்ததுபோலத் தோன்றும். நோயாளி முனகுவதை நிறுத்தினான் என்பதனால் நோய் நீங்கிற்று என்று கொள்ளலாமோ?

நாட்டை விட்டு நீங்கினோரும் கணக்கினின்று மறைந்து விடுகின்றனர். பால்டிக் கடற்கரையிலுள்ள லிதுவேனியாவில் 2010-ஆம் ஆண்டில் விகிதம் 35-க்கு மேல் இருந்தது. 2019-ஆம் ஆண்டில் அது 12 அளவிற்கு இறங்கிற்று. நாட்டின் பொருள்நிலை சீர்பட்டது இதற்கு ஒரு காரணம் என்பது மெய்யே. ஆயினும் 1990-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 37 இலட்சமாக இருந்த அந்நாட்டின் மக்கள் தொகை 2019-ஆம் ஆண்டில் 28 இலட்சமாகக் குறைந்ததையும் உடன் நினைத்தல் வேண்டும். 2004-ஆம் ஆண்டில் அத்தேசம் ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்தபின் வாலிபர் பலர் பிரிட்டன், அயர்லாந்து முதலிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். அயர்லாந்தின் நிலையும் பின்னர் மாறிற்று. 2007-ஆம் ஆண்டில் 9 ஆக இருந்த அதன் விகிதம் 2012-ஆம் ஆண்டில் 30 அளவிற்கு ஏறியபோது, அந்நாட்டு வாலிபர் ஆஸ்திரேலியாவுக்கும் கானடாவுக்கும் கப்பலேறிய தம் பாட்டன்மார் வழியில் விமானமேறினர். பிள்ளையைப் பிரிந்த தாய்க்கு, விகிதம் இறங்கியது எவ்வளவு ஆறுதல் தரும்?

கணக்கின் இயல்பு இதுவாக, இனிக் காரணத்தை ஆராய்வோம். தெற்கத்தியார் சோம்பர் என்னும் கூற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். கிரேக்க நாட்டின் வாலிபர் வேலையின்மை 2008-ஆம் ஆண்டில் 22 அளவில் இருந்தது; ஐந்தே ஆண்டுகளில் அது 58 ஆயிற்று. ஸ்பெயினில் 2007-ஆம் ஆண்டில் 18; 2013-ஆம் ஆண்டில் 55-க்கு மேல். ஒரு தலைமுறையின் குணம் ஐந்தாறு ஆண்டுகளில் இங்ஙனம் தலைகீழாய் மாறுமோ? மாறியது வாலிபர் மனம் அன்று. அவர்கள் வாழ்ந்த நாட்டின் பொருள்நிலையே. 2008-ஆம் ஆண்டில் மூண்ட உலகப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் கிரேக்க அரசாங்கம் கடன் சுமையாற் குலைந்தது. 2010-ஆம் ஆண்டில் அயல்நாடுகள் கடன் கொடுத்து உதவின. செலவைச் சுருக்குக என்று நிபந்தனையும் விதித்தன. சில ஆண்டுகளில் நாட்டின் மொத்த வருவாயில் நாலிலொரு பங்கு அழிந்தது. 2012-ஆம் ஆண்டில் 25 வயதிற்கு உட்பட்டோரின் குறைந்தபட்சக் கூலி ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலும் வேலையின்மை ஏறியதே அன்றி இறங்கவில்லை. சரக்கு வாங்குவோர் இல்லாத சந்தையில், ஆளின் கூலி மலிவாயிற்று என்பதற்காக எந்தக் கடைக்காரன் புதிய ஆளை அமர்த்துவான்? 2019-ஆம் ஆண்டில் வாலிபர்க்கெனத் தனியே வைத்திருந்த அக்குறைந்த கூலி ஒழிக்கப்பட்டது.

ஸ்பெயினின் கதை சிறிது வேறுபட்டது. 2007-ஆம் ஆண்டு வரை அங்கே வீடு கட்டும் தொழில் வெள்ளம்போற் பெருகிற்று. உழைப்போர் நூற்றுவருள் 13 பேர் அதில் ஈடுபட்டிருந்தனர். பள்ளியை விட்டு வந்த பையனுக்கும் கை நிறையக் கூலி கிடைத்தது. 18 முதல் 24 வயது வரை உள்ளோரில் நூற்றுக்கு 30-க்கு மேற்பட்டோர் உயர்நிலைப் படிப்பை முடிக்காமலே கல்வியைக் கைவிட்டிருந்தனர். வெள்ளம் வடிந்தபோது அவர்கள் கையில் வேலையும் இல்லை. வேறு தொழிலுக்கு வேண்டிய படிப்பும் இல்லை. இதனோடு மற்றொரு குறையும் சேர்ந்தது. 1984-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால், சாதாரண வேலைகளுக்கும் தற்காலிக ஒப்பந்தத்தில் ஆளமர்த்த இடம் உண்டாயிற்று. நிலையான வேலையாளை நீக்கினாற் பெருந்தொகை ஈடாகக் கொடுத்தல் வேண்டும்; தற்காலிக வேலையாளை நீக்குதற்குச் செலவு மிகக் குறைவு. ஆகவே முதலாளிமார் வாலிபரைச் சில மாத ஒப்பந்தங்களில் அமர்த்தினர். நெருக்கடி வந்ததும் முதலில் நீக்கப்பட்டவர் அவர்களே. கடைசியாக வந்தவன் முதலில் வெளியேறுவது எங்கும் உள்ள வழக்கம். ஸ்பெயினிலோ சட்டமே அதற்கு வாயிலாயிற்று. 2021-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வரசாங்கம் தற்காலிக ஒப்பந்தங்களைக் கட்டுப்படுத்திப் புதுச் சட்டம் செய்தது.

ஜெர்மனியின் சிறப்பு யாது? அங்கே பள்ளிக்கும் பட்டறைக்கும் இடையே ஒரு பாலம் உண்டு. பண்டைக் கைவினைஞர் சங்கங்களின் வழக்கத்தினின்று வளர்ந்து, 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடு முழுதும் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழிற்பயிற்சி முறையே அது. அம்முறையிற் சேரும் வாலிபன் வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் தொழிற்சாலையிலோ கடையிலோ அலுவலகத்திலோ வேலை பழகுவான். எஞ்சிய நாட்களில் தொழிற்பள்ளியிற் பயில்வான். இரண்டு முதல் மூன்றரை ஆண்டு வரை இப்பயிற்சி நிகழும்; ஊதியமும் உண்டு. தச்சு, மின்தொழில், வங்கி அலுவல், ரொட்டி சுடுதல் என 300-க்கு மேற்பட்ட தொழில்களுக்குப் பாடத்திட்டம் வகுத்துள்ளனர். தொழில் வணிகச் சங்கங்களே பரீட்சை நடத்தி நற்சான்று அளிப்பதால், ஓர் ஊரிற் பெற்ற சான்று நாடெங்கும் செல்லும். ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் இதனை ஒத்த முறை உண்டு.

இங்கும் கணக்கைச் சிறிது நுணுகி நோக்குதல் நன்று. ஊதியம் பெற்றுத் தொழில் பயிலும் ஜெர்மானிய வாலிபன் வேலையுடையவனாக எண்ணப்படுகின்றான். அதே தொழிலை வகுப்பறையிலேயே பயிலும் வேறொரு நாட்டு வாலிபன் கணக்கிற்குப் புறம்பாகின்றான். ஆதலின் ஜெர்மனியின் உழைப்பாளர் தொகை பெரிதாகி, விகிதம் இன்னும் சிறிதாகின்றது. பிறப்பு குறைந்தமையால் அந்நாட்டு வாலிபர் தொகையே சுருங்கி வருவதும் மற்றொரு காரணம்.

அம்முறைக்கும் குறை இல்லாமல் இல்லை. அந்நாட்டின் பெரும்பாலான மாகாணங்களில் நான்காம் வகுப்பு முடிந்தவுடன், ஏறக்குறைய பத்து வயதில், பிள்ளைகள் வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிக்கப்படுகின்றனர். அப்பிரிவினை பிள்ளையின் அறிவை மட்டுமன்றிப் பெற்றோரின் செல்வத்தையும் கல்வியையும் பொறுத்து அமைகின்றது என்று அந்நாட்டு அறிஞரே நெடுங்காலமாகக் குறை கூறி வருகின்றனர். மேலும், பயிற்சி தர முன்வரும் தொழிலகங்கள் நிறைந்த நாட்டிலேயே இம்முறை செழிக்கும். சட்டத்தை மட்டும் பெயர்த்து நட்டாற் பயிர் விளையாது. அதற்குரிய மண்ணும் வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் இத்திண்டாட்டத்தை வாளா பார்த்திருக்கவில்லை. 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அதன் நாடுகள் இளைஞர்க்கு ஓர் உறுதி கூறின. 25 வயதிற்கு உட்பட்ட எவரும் படிப்பை விட்டோ வேலையை இழந்தோ நான்கு மாதம் கழிவதற்குள், நல்லதொரு வேலையோ, மேற்படிப்போ, தொழிற்பயிற்சியோ பெறுதற்கு வழி செய்யப்படும் என்பதே அவ்வுறுதி. 2020-ஆம் ஆண்டில் அது 30 வயதிற்கு உட்பட்டோர்க்கும் விரிக்கப்பட்டது. எல்லாத் தேசங்களும் அதனை ஒரே திறமையுடன் நிறைவேற்றின என்று கூறவொண்ணாது. ஆயினும் நெருக்கடியின் கடுமை தணிந்தது. 2023-ஆம் ஆண்டில் விகிதம் கிரேக்க நாட்டில் 27, ஸ்பெயினில் 29, ஜெர்மனியில் 6 என்னும் அளவில் நின்றது. அவ்வாண்டில் ஒன்றியம் முழுமைக்கும் வாலிபர் வேலையின்மை 14 அல்லது 15. எல்லா வயதினர்க்கும் சேர்த்துக் கணக்கிட்டால் 6 அளவே. நல்ல காலத்திலும் வாலிபர் சுமக்கும் பாரம் மற்றவர் பாரத்தினும் இரு மடங்குக்கு மேல் என்பது இதனாற் புலனாகும்.

இப்பாரம் சில மாதங்களில் இறக்கி வைக்கத்தக்கதன்று. கற்ற தொழில் கையில் உறையும் முன்னரே வேலையின்றி இருப்பவன் கற்றதை மறக்கின்றான். நெருக்கடிக் காலத்தில் வேலைக்களம் புகுந்தோர், பின்னர் வேலை பெற்ற போதிலும், பல ஆண்டுகள் வரை மற்றவரினும் குறைந்த ஊதியமே பெறுகின்றனர் எனப் பல நாட்டு ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. மணம் தள்ளிப் போகின்றது. பெற்றோர் வீட்டை விட்டுத் தனிக்குடித்தனம் செய்வது கைகூடுவதில்லை. எல்லாவற்றினும் கொடியது, குறை தன்னிடமே என்று அவன் நம்பத் தொடங்குவது. ஐந்தாறு ஆண்டுகளில் ஏறக்குறைய மும்மடங்காக ஏறும் விகிதம், குறை அவனிடம் இல்லை என்பதற்குச் சான்றாக நிற்கின்றது. கணக்கு நூல் வறண்டது என்பாரும் உளர். பழி சுமந்தவனை விடுவிக்கும் சாட்சியாகவும் அது நிற்கக் கூடும்.

ஆதலின், மாணவ நண்பர்களே, வேலையின்மை பற்றிய எண் எதனைக் கண்டாலும் மூன்று வினாக்களை வினவுவீர்களாக. இது யார் தொகையால் வகுக்கப்பட்டது? யார் இதிற் சேர்க்கப்படாமல் விடப்பட்டனர்? சென்ற ஆண்டுகளில் இதே நாட்டில் இஃது எவ்வாறு இருந்தது? இம்மூன்றற்கும் விடை அறிந்த பின்னரே ஒரு தேசத்தை மற்றொரு தேசத்தோடு ஒப்பிடுதல் தகும். அங்ஙனம் ஒப்பிட்டு நோக்குவார்க்கு ஐரோப்பாக் கண்டம் ஓர் உண்மையைத் தெளிவாகக் காட்டும். வாலிபரின் வேலை அவர்தம் முயற்சியால் மட்டும் அமைவதன்று. பள்ளிக்கும் தொழிலுக்கும் இடையே அவர்தம் நாடு பாலம் கட்டியுள்ளதா என்பதையும், இடர்ப்பட்ட காலத்தில் அதன் சட்டம் எவரை முதலில் வெளியேற்றுகின்றது என்பதையும் பொறுத்தே அது அமைகின்றது. பாலத்தைக் கட்டாமல் விட்டு, ஆற்றில் விழுந்தவனை நீந்தத் தெரியாதவன் என்று இகழ்தல் நீதியாகாது.